பின்சக்கரத்தைத் தொடாதே என்பவர்களுக்கு: மின்மிதிவண்டி தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மின்மிதிவண்டி தயாரிக்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

மோட்டார் அமைந்திருக்கும் பின்சக்கரத்தைக் கழற்றினால் மோட்டாருக்கான உத்தரவாதம் செல்லாது என்று உங்களுள் ஒரு நிறுவனத்தின் பணிமனையிலிருந்து எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. நான் மோட்டாரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. டியூப் மாற்ற வேண்டும், சக்கரத்தை எப்படிக் கழற்றுவது, திரும்ப மாட்டும்போது நட்டை எவ்வளவு இறுக்குவது என்று கேட்டிருந்தேன், கூடவே பேட்டரி பற்றியும் ஒன்று. அதற்கு விடையாக ஓர் எச்சரிக்கையும், வண்டியைப் பணிமனையில் கொண்டுவந்து சேர்க்கும்படி ஒரு வரியும் வந்தன. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சைக்கிள் ஓட்டுகிறேன். பஞ்சர் ஒட்டவும் செயின் மாற்றவும் பிரேக் கட்டை தேய்ந்தால் புதிதாகப் போடவும் யாரையும் எதிர்பார்த்ததில்லை. காசு கொடுத்து வாங்கி எனக்கு உடைமையான சைக்கிளின் சக்கரத்தில் நான் கைவைக்கக் கூடாது என்று ஒருவர் எழுத்தில் சொல்வது இதுவே முதல் முறை. அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

நிறுவனத்தின் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. தயக்கத்தால் அல்ல, ஒரு நிறுவனத்தோடு முடிகிற குறையாக இது எனக்குத் தெரியவில்லை என்பதால். எனக்குப் பழக்கமான மூவரிடம் மூன்று வேறு நிறுவனங்களின் வண்டிகள் இருக்கின்றன. அவற்றின் கையேடுகளை இரவல் வாங்கி ஒரு வாரம் வைத்துப் படித்தேன். மழையில் ஓட்டாதீர்கள், தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவாதீர்கள், பிரிக்காதீர்கள், மாற்றாதீர்கள் என்ற விலக்குகள், என்னுடையதையும் சேர்த்து நான்கு கையேடுகளிலும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டும் முறை ஒன்றில்கூட இல்லை. ஆகவே இந்த மடல் உங்கள் எல்லோருக்கும் ஆனது.

வண்டிக்கு உரிய பாராட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது வண்டியைப் பிடிக்காதவன் எழுதும் மடல் அல்ல. வாங்கி ஏழு வாரங்கள் ஆகின்றன. 612 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நான் தினமும் போகும் வழியில் ஒரு மேடு உண்டு. அதன் முக்கால் பாகத்தில் ஒரு விளக்குக் கம்பம் நிற்கிறது. கம்பம் வந்ததும் இறங்கித் தள்ளுவது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். புதிய வண்டியில் முதல் நாள் அந்த இடத்தை நெருங்கியபோது, இறங்குவதற்காக வலது கால் தானாகவே பெடலைவிட்டு எழுந்தது. மிதிப்பது நின்றதால் மோட்டார் நின்றது, மோட்டார் நின்றதால் வண்டியும் நின்றது. மூச்சு வாங்கவில்லை, தொடை வலிக்கவில்லை, ஆனாலும் கம்பத்தடியில் இறங்கி நின்றுகொண்டிருந்தேன். மறுநாள் பெடலிலிருந்து காலை எடுக்காமல் மிதித்தேன். கம்பம் வந்ததும் போனதும் தெரியவில்லை.

எதிர்காற்றில் குனிந்து மல்லுக்கட்ட வேண்டியதில்லை. சிக்னலில் நின்று கிளம்பும்போது தடுமாற்றம் இல்லை. வேலைக்குப் போய்ச் சேரும்போது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருப்பதும் இல்லை. மிதிப்பவருக்கு உதவும் இத்தகைய வண்டிகளில் மோட்டாரின் சக்தி 250 வாட்டைத் தாண்டக் கூடாது என்றும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் உதவி நின்றுவிட வேண்டும் என்றும் பல நாடுகளில் விதி இருக்கிறது. என் வண்டியும் அந்த வரம்புக்குள் செய்யப்பட்டதுதான். அந்த வேகத்தை எட்டியவுடன் மோட்டார் ஒதுங்கிக்கொள்ள, வண்டியின் 24 கிலோ எடையும் காலின்மேல் வந்து உட்கார்ந்துகொள்வது தெரிகிறது. அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். இவ்வளவு நன்றாகச் செய்த ஒரு பொருளை விற்கும்போது, அதை வைத்துக் காப்பாற்றத் தேவையான செய்தியை மட்டும் உங்களிடமே வைத்துக்கொண்டீர்கள் என்பதுதான் குறை.

பஞ்சர் கதைக்கு வருகிறேன். வண்டி வாங்கிப் பதினைந்தாம் நாள் வாக்கில், காற்றடிக்கக் குனிந்தபோது பின்சக்கரத்தின் வால்வு நேராக இல்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததைப் பார்த்தேன். விரலால் தள்ளி நிமிர்த்திவிட்டு, வழக்கமாக என் பழைய சைக்கிளுக்கு அடிக்கும் அளவில் காற்றடித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அந்தச் சாய்வு என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. மோட்டார் பின்சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் வண்டியில், கிளம்பும் ஒவ்வொரு முறையும் சக்கரத்தின் வளையம் டயரை இழுத்துச் சுழற்றப் பார்க்கிறது. காற்று குறைவாக இருந்தால் டயர் வளையத்தின்மேல் சிறிது சிறிதாக நழுவும். டயரோடு டியூபும் நகரும். வால்வு மட்டும் வளையத்தின் துளையில் மாட்டிக்கொண்டு நகர முடியாமல் சாயும். நான்கு நாள் கழித்து, வீட்டிலிருந்து நாலரைக் கிலோமீட்டர் தொலைவில், வால்வு அடியோடு கிழிந்தது. இந்த வண்டியின் பின்டயருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று கையேட்டில் தேடினேன், இல்லை. டயரின் பக்கத்தில் கறுப்பின்மேல் கறுப்பாகப் புடைத்திருந்த எழுத்துகளை விரலால் தடவித் தடவிப் படித்த பிறகுதான், நான் அடித்துவந்தது அதில் சொன்ன குறைந்தபட்ச அளவுக்கும் கீழே என்று தெரிந்தது. தவறு என்னுடையதும்தான், மறுக்கவில்லை. ஆனால் அதைத் தடுக்க ஒரே ஒரு வரி போதுமாயிருந்தது.

24 கிலோ வண்டியைக் காற்றில்லாத சக்கரத்தோடு தள்ளிக்கொண்டு வழியிலிருந்த சைக்கிள் பழுதுபார்க்கும் ஒருவரிடம் போனேன். வயதானவர், வேலை தெரிந்தவர். டயரைக் கையால் அழுத்திப் பார்த்தவர், அச்சின் முனையிலிருந்து வெளியே வந்த தடித்த ஒயரைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார். “ஒட்டுறதுன்னா சக்கரத்தக் கழட்டாமலே ஒரு பக்கம் டியூப வெளிய இழுத்து ஒட்டிக் கொடுத்துடுவேன். வால்வே போயிருச்சு, டியூப மாத்தணும், அதுக்குச் சக்கரம் எறங்கணும். உள்ள ஒயர் போகுதே, ஏதாச்சும் ஆச்சுன்னா எம் மேல வரும்” என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் தவறில்லை. பிறகு உங்கள் பணிமனைக்கு எழுதினேன்; மேலே சொன்ன விடை வந்தது; ஒரு சிறு வண்டி பிடித்து அதில் ஏற்றிக்கொண்டுபோய்ச் சேர்த்தேன். பதினொரு நாள் கழித்துக் கூப்பிட்டார்கள்.

கிடைத்த ஒரே நன்மை, வேலை நடக்கும்போது பக்கத்தில் நிற்க அந்தப் பணியாளர் என்னை அனுமதித்ததுதான். மொத்த வேலையும் இருபது நிமிடத்தில் முடிந்தது. நீங்கள் எழுதாததால் அந்த இருபது நிமிடத்தை நான் எழுதுகிறேன்.

முதலில் விசையை அணைத்து, பேட்டரியைச் சாவி போட்டுக் கழற்றித் தனியே வைத்தார். பின்சக்கரத்தின் அச்சிலிருந்து வரும் ஒயர், வண்டிச் சட்டத்தின் (ஃபிரேமின்) கீழ்க்குழாய் ஓரமாக வந்து, விரல் அளவு உருண்டையான ஓர் இணைப்பில் முடிகிறது. இணைப்பின் இரண்டு பாதியிலும் ஓர் அம்புக்குறி இருக்கிறது. அதைத் திருகாமல் நேராக இழுத்தார். உள்ளே மூன்று தடித்த ஊசிகளும் ஆறு மெல்லிய ஊசிகளும் தெரிந்தன. திருகியிருந்தால் மெல்லிய ஊசிகள் வளைந்திருக்கும் என்றார். அதன்பின் 18 மில்லிமீட்டர் ஸ்பேனரால் இருபுறமும் நட்டைத் தளர்த்தினார். நட்டுக்குக் கீழே நாக்கு வைத்த ஒரு வாஷர் இருந்தது. மோட்டார் சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும்போது அச்சு பின்னோக்கிச் சுழலப் பார்க்கும். அந்த நாக்கு சட்டத்தின் பிளவில் போய் உட்கார்ந்து அச்சைச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அந்த வாஷரை மறந்தாலோ திருப்பிப் போட்டாலோ, அச்சு சுழன்று ஒயரை முறுக்கி அறுத்துவிடும், பிளவையும் பிளந்துவிடும். திரும்ப மாட்டும்போது ஒயர் அச்சிலிருந்து கீழ்நோக்கி இறங்கும்படி வைத்தார். மேல்நோக்கி வைத்தால் மழைநீர் ஒயர் வழியே வழிந்து மோட்டாருக்குள் போகுமாம். எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் முறுக்கு ஸ்பேனரில் 40 நியூட்டன்-மீட்டர் வைத்து இறுக்கினார். இது என் வண்டிக்கு உரிய அளவு. மற்ற வண்டிக்கு வேறாக இருக்கலாம், அதனால்தான் அதை ஒவ்வொரு கையேட்டிலும் நீங்கள் எழுத வேண்டியிருக்கிறது. கடைசியாக அம்புக்குறிகளை எதிரெதிரே வைத்து இணைப்பை அழுத்திச் சேர்த்தார். அவ்வளவுதான்.

இதில் ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. நட்டு தளர்ந்த பின்சக்கரத்தோடு ஒருவர் சாலையில் போவதை நினைத்தால் எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மறைத்து வைப்பதால் அந்த ஆபத்து குறைவதில்லை. டியூப் போனவர் எல்லோரும் வண்டியை ஏற்றிக்கொண்டு உங்களிடம் வந்துகொண்டிருக்கமாட்டார். வாஷர் எதற்கு என்று தெரியாமலே எங்காவது ஒரு மூலையில் கழற்றி எப்படியோ மாட்டுவார். பின்சக்கரத்தின் நடுவில் மோட்டார் வைத்த மிதிவண்டிக்கு ஆக்டன் போல்டன் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1895 டிசம்பர் 31 அன்று. காற்றடைத்த டயரை டன்லப் செய்தது 1888-இல். ஆக, பஞ்சருக்கும் சக்கர மோட்டாருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இரண்டும் சந்தித்தால் என்ன செய்வது என்று யோசிக்க உங்கள் தொழிலுக்கு நூறாண்டுக்கு மேல் அவகாசம் கிடைத்திருக்கிறது.

அடுத்தது தொலைவு. வண்டி வந்த பெட்டியின்மேல் 80 கிலோமீட்டர் என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. எந்த நிலைமையில் என்று சிறிய எழுத்தில்கூட இல்லை. நிறைய சார்ஜ் ஏற்றி, தீரும்வரை ஓட்டி, ஒன்பது முறை குறித்து வைத்தேன்: குறைந்தது 36, கூடியது 41. ஏமாற்றப்பட்டதாகவே முதலில் எண்ணினேன். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பேட்டரியின்மேல் 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கிறது. பெருக்கினால் 360 வாட்-மணி. இந்த வண்டியில் உள்ள மொத்தச் சரக்கு அதுதான். 80 கிலோமீட்டர் போக வேண்டுமானால் கிலோமீட்டருக்கு நாலரை வாட்-மணிதான் செலவாக வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து, சமமான சாலையில், காற்றில்லாத நேரத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போவதற்கே சக்கரத்தில் ஏறத்தாழ 100 வாட் வேண்டும், அதாவது கிலோமீட்டருக்கு 5 வாட்-மணி. மோட்டாரில் சூடாக வீணாவதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து போவது ஆறு ஏழு ஆகிவிடும். வேகத்தை 20-இலிருந்து 25-க்கு ஏற்றினால் காற்றின் தடை ஒன்றரை மடங்குக்கும் மேலே போகிறது. மேடு இருந்தால் இன்னொரு கணக்கு: வண்டியும் நானும் சேர்ந்து 100 கிலோ, 100 மீட்டர் உயரம் ஏற 27 வாட்-மணி வேண்டும், வீணாவதைச் சேர்க்காமலே. பேட்டரியின் பதின்மூன்றில் ஒரு பங்கு ஒரே ஏற்றத்தில் போய்விடுகிறது.

கணக்கு போட்ட பிறகு ஒரு விடுமுறை நாளில், மோட்டாரின் உதவியை மிகக் குறைந்த நிலையில் வைத்து, 15 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல், ஏற்றம் இல்லாத வழியாகப் பார்த்து, நானும் என் பங்குக்கு விடாமல் மிதித்து ஓட்டிப் பார்த்தேன். 71 கிலோமீட்டர் வந்தது. ஆகவே 80 என்பது பொய் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒல்லியான ஒருவர், காற்றடித்த டயரோடு, பொறுமையாகப் போனால் கிடைக்கக்கூடும். ஆனால் எந்த வேகத்தில், எந்த எடையோடு, எந்த உதவி நிலையில் என்று சொல்லாத எண் அளவு ஆகாது, அது விளம்பரம். வாங்க வருபவர் பெரும்பாலும் அதை நம்பித்தான் தம் தினசரித் தொலைவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். என் தினசரித் தொலைவு போகவர 26 கிலோமீட்டர் என்பதால் நான் தப்பினேன். 50 கிலோமீட்டர் போகிறவர் இதே எண்ணை நம்பி இதே வண்டியை வாங்கியிருந்தால், திரும்பி வரும்போது பாதி வழியில் மிதித்துக்கொண்டிருப்பார், 24 கிலோவை, உதவியில்லாமல்.

அவர் நடுவழியில் நிற்பதற்கு இன்னொன்றும் துணை போகும். திரையில் பேட்டரியின் இருப்பை ஐந்து கோடுகளால் காட்டியிருக்கிறீர்கள். விளக்குக் கம்பத்து மேட்டில் ஏறும்போது நான்கு கோடு இரண்டாகிறது. மேட்டைத் தாண்டியதும் மறுபடி நான்காகிறது. முதல் வாரம் பேட்டரியில்தான் கோளாறு என்று நினைத்தேன். நீங்கள் காட்டுவது இருப்பை அல்ல, அந்த நொடியின் வோல்ட்டை. மோட்டார் நிறைய மின்னோட்டம் இழுக்கும்போது பேட்டரியின் உள்தடையால் ஓரிரு வோல்ட் இறங்கி, இழுப்பு குறைந்ததும் திரும்புகிறது. அதோடு லித்தியம் அயன் பேட்டரியின் வோல்ட், நடுப்பகுதியில் வெகுநேரம் அதிகம் மாறாமல் இருந்துவிட்டுக் கடைசியில் சரசரவென்று இறங்கும் தன்மை உடையது. அதனால் முதல் மூன்று கோடுகளுக்கு 30 கிலோமீட்டரும், கடைசி இரண்டுக்கு ஆறேழும் என்று ஆகிவிடுகிறது. ஒருநாள் இரவு இரண்டு கோடு இருக்கிறதே என்று நம்பிப் போய், வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் மோட்டார் நின்றது. பேட்டரிக்குள் போன மின்னையும் வந்த மின்னையும் எண்ணி இருப்பைச் சொல்லும் முறை புதியதும் அல்ல, அரியதும் அல்ல. உங்களுள் சிலர் விலை கூடிய வண்டிகளில் அதை வைத்தும் இருக்கிறீர்கள். அதை எல்லா வண்டியிலும் வைக்க முடியாது என்றால், குறைந்தது வோல்ட்டையே எண்ணாகக் காட்டுங்கள். நிறைந்தால் 42, பாதியில் 36 அல்லது 37 என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் யாரும் பழகிக்கொள்வார்கள்.

பேட்டரியைப் பற்றி உங்கள் கையேடு என்ன சொல்கிறது தெரியுமா? முதல் முறை 12 மணி நேரம் சார்ஜில் வைக்கச் சொல்கிறது. இது பழைய நிக்கல் பேட்டரிகளின் காலத்து அறிவுரை. லித்தியம் அயன் பேட்டரி சந்தைக்கு வந்தது 1991-இல். கூடவே கொடுத்த 2 ஆம்பியர் சார்ஜரில் என் பேட்டரி ஐந்து மணி நேரத்தில் நிறைகிறது, மீதி ஏழு மணி நேரமும் அதில் செய்வதற்கு ஒன்றுமில்லை. பழைய கையேட்டிலிருந்து எடுத்து அப்படியே போட்டிருக்கிறீர்கள் என்பது தெரிகிறது. சொல்ல வேண்டியவையோ விடுபட்டுள்ளன. சில வாரங்கள் ஓட்டாமல் வைப்பதாயிருந்தால் நிறைத்தும் வைக்கக் கூடாது, காலியாகவும் வைக்கக் கூடாது, பாதி அளவில் வைக்க வேண்டும். வெயிலில் ஓட்டி வந்து சூடாக இருக்கும்போதே சார்ஜ் போடாமல் ஆறவிட வேண்டும். உறைநிலைக்குக் கீழான குளிரில் சார்ஜ் ஏற்றினால் மின்கலத்தின் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி கெடும், ஆபத்தும் ஆகும். கீழே விழுந்து அடிபட்ட பேட்டரியை வெளியே காயம் தெரியாவிட்டாலும் நம்பக் கூடாது. வேறு வண்டியின் சார்ஜரை, முனை பொருந்துகிறது என்பதற்காக மாட்டக் கூடாது. ஒரு பக்கத்தில் அடங்கும் செய்திகள் இவை. வண்டியிலேயே விலை கூடிய உறுப்பு பேட்டரிதான். அதன் ஆயுளில் பெரும்பங்கு ஓட்டுபவரின் பழக்கத்தில் இருக்கிறது. அந்தப் பழக்கத்தைச் சொல்லித் தராமல், இரண்டு ஆண்டில் தேய்ந்துபோனால் அது உத்தரவாதத்தில் அடங்காது என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள்.

இந்த மாதிரி வண்டிக்கு எத்தனை ஆண்டுவரை பேட்டரி கிடைக்கும் என்றும் என் கடிதத்தில் கேட்டிருந்தேன். அதற்கு விடையே இல்லை. பேட்டரியின் வடிவமும் அது உட்காரும் தண்டவாளமும் உங்களுள் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு. நீங்கள் கொடுக்காவிட்டால் நாங்கள் வேறெங்கும் வாங்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய பேட்டரி ஒழுங்குமுறை, இத்தகைய இலகுரக வண்டிகளின் பேட்டரியை நிறுவனத்தைச் சாராத தொழில் தெரிந்த ஒருவர் கழற்றி மாற்றக் கூடியதாக அமைக்க வேண்டும் என்றும், ஒரு மாதிரியின் கடைசி வண்டி சந்தைக்கு வந்தபின் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு நியாயமான விலையில் மாற்றுப் பேட்டரி கிடைக்க வேண்டும் என்றும், மென்பொருளைக் கொண்டு அந்த மாற்றத்தைத் தடுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. அதற்கு 2027 பிப்ரவரி 18 என்று நாளும் குறித்திருக்கிறது. ஒரு சந்தைக்காக இதைச் செய்யப்போகிற நீங்கள், மற்ற இடங்களில் சட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டுமா?

இன்னொன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் வண்டியில் பெடலின் அச்சருகே காந்தம் பதித்த ஒரு சிறு வட்டு இருக்கிறது. பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் அது பார்க்கிறது, எவ்வளவு அழுத்தி மிதிக்கிறேன் என்று பார்ப்பதில்லை. ஆகவே மிதிக்கத் தொடங்கிக் கால்வாசிச் சுற்று ஆனபின் மோட்டார் விழிக்கிறது, நிறுத்தியபின் ஒரு நொடி தாமதித்து ஓய்கிறது. குறுகலான இடத்தில் வண்டியைத் திருப்பும்போது சும்மா ஒரு மிதி மிதித்ததற்கு, உயர்ந்த உதவி நிலையில் இருந்த வண்டி பாய்ந்து சுவரில் முட்டியது, கைமுட்டி தேய்ந்தது. திருப்பும்போது பிரேக் பிடியை லேசாக அழுத்தியிருந்தால் மோட்டார் வராது என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன், சொந்தமாக. அழுத்தத்தை அளக்கும் உணரி வைத்த வண்டியில் இந்தத் தொல்லை இல்லை. எந்த வகை உணரி என்பதை விற்கும்போதே சொல்ல வேண்டும் என்பதைத் தவிர இதில் நான் கேட்பது வேறொன்றும் இல்லை.

இனி நான் கேட்பவை.

பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டும் முறையைப் படங்களோடும், நட்டை இறுக்க வேண்டிய அளவோடும், வாஷர்களின் வரிசையோடும் கையேட்டில் சேருங்கள். ஏற்கெனவே விற்ற வண்டிகளுக்கும் அந்தப் பக்கங்களை வெளியிடுங்கள். டியூப், டயர், பிரேக், செயின் ஆகிய வேலைகளுக்காகச் சக்கரத்தைக் கழற்றுவது உத்தரவாதத்தைப் பாதிக்காது என்று உத்தரவாதச் சீட்டிலேயே எழுத்தில் தாருங்கள். தவறாக மாட்டியதால் மோட்டார் கெட்டது என்றால் அதைக் காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையதாக இருக்கட்டும். அந்த நாக்கு வாஷர் ஒரு ஜோடியும், பொருந்தும் ஸ்பேனர் ஒன்றும் வண்டியோடு கொடுத்தால் உங்களுக்கு ஆகும் செலவு மிகச் சிறிது. முடியுமானால் இரு முனையும் மூடிய நீள டியூபையும் பின்சக்கரத்துக்கு விற்பனைக்கு வையுங்கள். சக்கரத்தைக் கழற்றாமலே மாற்றிக்கொள்ள அது உதவும். பின்டயருக்கு வேண்டிய காற்றின் அளவை வண்டிச் சட்டத்தில், கண்ணுக்குத் தெரியும் நிறத்தில் ஒட்டுங்கள்.

பெட்டியின்மேல் ஒரே எண்ணை அச்சிடுவதை நிறுத்துங்கள். பேட்டரியின் வாட்-மணியை முதலில் போடுங்கள். அதன் கீழே, ஓட்டுபவரின் எடையையும் வேகத்தையும் சொல்லி, குறைந்த உதவியில் இவ்வளவு, நடுத்தர உதவியில் இவ்வளவு, முழு உதவியில் இவ்வளவு என்று மூன்று எண்களைப் போடுங்கள். முழு உதவிக்கு உரிய எண்ணும் மற்ற இரண்டின் அதே எழுத்தளவில் இருக்க வேண்டும்.

12 மணி நேர அறிவுரையை நீக்கிவிட்டு, பேட்டரியைப் பேணும் முறையை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் எந்த ஆண்டுவரை மாற்றுப் பேட்டரி தருவீர்கள் என்பதை விற்கும் நாளிலேயே சீட்டில் குறித்துக் கொடுங்கள்.

எனக்குத் தனியாகப் பதில் எழுத வேண்டாம். என் டியூப் மாற்றியாகிவிட்டது, முறையும் தெரிந்துகொண்டேன். என் வண்டிக்குக் கைகொடுக்க முடியாமல் கையை எடுத்துக்கொண்ட அந்தப் பெரியவரிடம் ஒரு நாள் உங்கள் புதிய கையேட்டின் அந்தப் பக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்; அதை அச்சிட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வண்டியொன்றின் உரிமையாளர்